ஷூ மாட்டும் முன்னால் ஐந்து நிமிடம்

தங்கச்சி, நடைப்பயிற்சியை யாரும் நடந்துகொண்டிருக்கும்போது விடுவதில்லை. பாதி வழியில் "இனிமேல் இது வேண்டாம்" என்று முடிவெடுத்துத் திரும்பி வந்தவளை நான் பார்த்ததே இல்லை. விடுவதெல்லாம் படுக்கையில்தான். அலாரம் அடிக்கும், கை அதை அணைக்கும், "ராத்திரி சரியாவே தூங்கலையே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மனசு சொல்லும், நாமும் திரும்பிப் படுத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாள் வாரமாகும். பொங்கலுக்கு வாங்கிய ஷூ ஆடி மாதத்தில் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும்.

எழுந்த உடனே மூளை முழுசாக விழித்துவிடுவதில்லை. கண் திறந்துவிடும், கால் தரையில் பட்டுவிடும், ஆனால் யோசித்து முடிவெடுக்கிற பகுதி மெதுவாகத்தான் வந்து சேரும். கார்ட்டிசால் என்கிற ஹார்மோன், விழித்ததிலிருந்து அரைமணி முக்கால்மணி வரை ஏறிக்கொண்டே போகும். பகலுக்கு உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிற ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு பாதியில் இருக்கும்போது "போகலாமா, வேண்டாமா" என்று கேட்டால் பதில் படுக்கைக்குச் சாதகமாகத்தான் வரும். அதனால் அக்கா சொல்வது ஒன்றுதான்: அந்த நேரத்தில் முடிவெடுக்காதே. எழுந்து, முகம் கழுவி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார். முடிவு அதற்குப் பிறகு.

இந்த ஐந்து நிமிடத்தைப் பெரிய ஆன்மிகச் சாதனை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். மனசு வெறுமையாக வேண்டும், ஒளி தெரிய வேண்டும் என்று எந்த எதிர்பார்ப்பும் இல்லை. இப்போது என் மூச்சு எப்படி இருக்கிறது, உடம்பில் எங்கே பிடிப்பு, மனசு என்ன சாக்கு சொல்கிறது என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். பார்த்துவிட்டால் அந்தச் சாக்குக்கு இருக்கிற அதிகாரம் பாதி குறைந்துவிடும். தினசரிப் பயிற்சிக்கு இந்த உட்காருதல் செய்கிற பெரிய உதவி இதுதான்.

எப்படி உட்காருவது

முதலில் போனை எடுக்காதே. அலாரம் போனில் இருந்தால் அதை அடுப்படி மேடையில் வை. அணைக்க எழுந்து நடந்துதானே ஆக வேண்டும்? குட்மார்னிங் படங்களும் குடும்ப குரூப்பும் ஆறு மணி வரை காத்திருக்கும். ஒரு செய்தியைத் திறந்தால் மனசு அந்த வீட்டுக்குப் போய்விடும், உன் உடம்பு இங்கே தனியாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடி. நம் முசிறியில் கோரைப்பாய்க்குப் பஞ்சமா? காவிரிக்கரைக் கோரையில் நெய்த பாய் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வை. பாயை நாலாக மடித்து, அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி உட்கார். முதுகு தானாக நிமிரும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். ஒன்று கவனி: மொசைக் தரையில், டைல்ஸில் கோரைப்பாய் வழுக்கும். உட்காருவதற்குப் பாய் போதும். நின்று செய்கிற பயிற்சிகளுக்கு ஜமுக்காளமோ ரப்பர் விரிப்போ போட்டுக்கொள், இல்லையென்றால் வெறும் தரையில் நில்.

கண்ணை மூடலாம், பாதி திறந்தும் வைக்கலாம். முதலில் சத்தங்களைக் கேள். பக்கத்து வீட்டு மோட்டார், பால் வண்டி, கோயில் ஒலிபெருக்கி, கைகாட்டியில் பிரேக் போடுகிற பஸ். எதையும் விரட்டாதே. அப்புறம் மூச்சுக்கு வா. வெளியே போகிற ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண், பத்து வரை. நடுவில் "இட்லி மாவு புளிச்சிருக்குமா" என்று எண்ணம் ஓடும். ஓடட்டும். ஓடியது தெரிந்த உடனே ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பி. எண்ணம் ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பி வருகிறாயே, அதுதான் பயிற்சி. படுக்கையிலிருந்து எழுவதும், நாலு நாள் விட்டுப்போன வாக்கிங்கை ஐந்தாவது நாள் மறுபடி தொடங்குவதும் இதே திரும்பி வருதல்தான்.

மூச்சுக்குப் பிறகு உடம்பைப் பார். பாதம், கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு, தோள், கழுத்து என்று வரிசையாக மேலே வா. குதிகாலில் குத்துகிறதா? தாடை இறுகியிருக்கிறதா? கடைசியாக மனசு. எரிச்சலா, கவலையா, சும்மா சோம்பலா? பெயர் மட்டும் வை. "சோம்பல் வந்திருக்கு" என்று உள்ளுக்குள் சொல்லிப் பார். "நான் சோம்பேறி" என்று சொல்லிக்கொள்கிறவள் படுத்துவிடுவாள். "சோம்பல் வந்திருக்கு" என்று சொல்கிறவளுக்கு அது போய்விடும் என்பதும் தெரியும்.

இன்றைக்கு எவ்வளவு?

கண்ணைத் திறக்கும் முன் ஒரே ஒரு முடிவு. போவதா வேண்டாமா என்கிற கேள்வியையே எடுத்துவிடு. எவ்வளவு என்று மட்டும் கேள். மூன்று அளவு வைத்துக்கொள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் முழு நடை, அரைமணியோ நாற்பது நிமிடமோ. தூக்கம் குறைந்த நாளில், மாதவிலக்கின் முதல் நாளில், ராத்திரி குழந்தைக்கு இருமல் என்று விழித்திருந்த நாளில் அரை நடை, கால்மணி நேரம். ரொம்பவே முடியாத நாளில் தெருமுனை வரை போய்த் திரும்பு, அல்லது நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழு. காய்ச்சல் வந்தால் மட்டும் முழு ஓய்வு.

வேகமாகத் தொடங்குகிற பெண்கள் எல்லாம் இந்த மூன்றாவது அளவைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். "அஞ்சு நிமிஷம் நடந்தா என்ன குறைஞ்சிடப் போகுது" என்று கேட்பார்கள். எடை குறையாது, சரிதான். ஆனால் அந்த நேரத்துக்கு எழுந்து ஷூ மாட்டி வாசலைத் தாண்டுகிற வழக்கம் சாகாமல் இருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவர் குழுவோடு ஒரு ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டார். 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே சூழலில் செய்தார்கள். அது யோசிக்காமலே செய்கிற வழக்கமாக மாற நடுவாந்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. "இருபத்தோரு நாளில் பழக்கம் வந்துடும்" என்று யாராவது சொல்லி, இருபத்திரண்டாம் நாளும் எழுவதற்குக் கஷ்டமாக இருந்தால், தப்பு உன்மேல் இல்லை. இரண்டு மூன்று மாதம் என்று மனசில் வைத்துக்கொண்டு தொடங்கு.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், இது நேரடியாகப் பயன்படும். மில்னி, ஆர்பெல், ஷீரன் என்ற மூவர் இங்கிலாந்தில் மாணவர்களை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்டது. உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்த குழுவில் நூற்றுக்கு 35 பேர்தான் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். ஒன்றுமே சொல்லாத குழுவில் 38. அதே விவரங்களோடு "எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன்" என்று எழுதவும் வைத்த குழுவில் 91 பேர் செய்தார்கள். பயமுறுத்தியதால் ஒரு பயனும் இல்லை, பார்த்தாயா! அதனால் உன் ஐந்து நிமிடத்தின் கடைசி வாக்கியம் தெளிவாக இருக்கட்டும். "இன்றைக்கு எப்படியாவது நடக்கணும்" என்பது போதாது. "இப்போ அஞ்சே முக்கால், பரிசல்துறை வரைக்கும் போய் ஆறே காலுக்கு வீட்டுக்கு வந்துடுவேன்" என்று சொல். சொன்ன கையோடு எழு.

தறியிலிருந்து வந்த ஒரு முறை

உடற்பயிற்சியையும் மனப்பயிற்சியையும் ஒரே பாயில் சேர்த்துத் தமிழ்நாட்டுச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் வேதாத்திரி மகரிஷியை நான் முதலில் வைப்பேன். கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். நெசவுத் தொழிலே செய்து, குடும்பமும் நடத்தி, அதற்கு நடுவிலேயே தியானமும் பழகியவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறில் அறிவுத்திருக்கோயில் எழுந்தது. 2006-இல் காலமானார். அவருடைய முறையைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்கள் இன்றைக்குச் சின்னச் சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன.

அவருடைய எளியமுறை உடற்பயிற்சியின் வரிசையைப் பார்த்தால் வீட்டுப் பெண்ணின் உடம்பை அறிந்து அமைத்தது போலவே இருக்கும். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல். எதற்கும் கருவி வேண்டாம். குதிக்க வேண்டாம். புடவையோ நைட்டியோ கட்டிக்கொண்டு மூடிய அறையில் செய்யலாம். தளர்த்தலின்போது மல்லாந்து படுத்துப் பாதத்திலிருந்து தலை வரை ஒவ்வொரு உறுப்பாக நினைத்து இளக வைப்பார்கள். மேலே நான் சொன்ன உடம்புப் பார்வையேதான் அது. இந்தப் பயிற்சிகளோடு தவம், தற்சோதனை இரண்டும் சேர்ந்தால்தான் அவருடைய முறை முழுமையாகும். தன் கோபத்தையும் கவலையையும் தானே உட்கார்ந்து ஆராய்வதை உடற்பயிற்சிப் பாடத்தோடு சேர்த்து வைத்தாரே, அதற்காகவே அவரை வணங்கலாம்.

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலும் இதே சேர்க்கை உண்டு: உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, படுத்து உடம்பைக் கவனிப்பது, மெதுவான யோகாசனம். நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காக அவர் அமைத்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2024-இல் வந்த ஆய்வு ஒன்றில், போதிய உடலசைவு இல்லாதவர்களுக்கு 30 நாள், தினம் 8000 அடி என்று இலக்கு கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் செல்போன் ஆப் வழியாக மனக்கவனப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு குழுவினரும் முன்பைவிட அதிகம் நடந்தார்கள். இலக்கு முடிந்த பிறகும் தொடர வேண்டும் என்கிற எண்ணம், மனக்கவனம் பழகியவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. நமக்கு வேண்டியது அந்த முப்பத்தோராம் நாள்தானே?

மூச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இழுத்தல் 16, நிறுத்தல் 64, விடுதல் 32 மாத்திரை என்று திருமூலர் சொன்ன கணக்கைச் செல்போனில் பார்த்துவிட்டு நேராக அதில் இறங்காதே. அது குருவிடம் பழக வேண்டியது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்களும், கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கி வைப்பதையும் கபாலபதியையும் தவிர்க்க வேண்டும். காலை ஐந்து நிமிடத்துக்கு இயல்பான மூச்சே போதும், அதை நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நடக்கும்போது

உட்கார்ந்து பழகிய கவனத்தைக் கையோடு வெளியே கொண்டுபோ. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நட, குதிகால் பட்டுப் பாதம் உருண்டு விரல் தரையைத் தள்ளுவதைக் கவனி. குதிகால் வலி, முழங்கால் இறுக்கம் எல்லாம் இந்த நேரத்திலேயே சொல்லிவிடும். பிறகு வேகம் கூட்டு. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது இந்த வேகத்தில் இயங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரைமணி. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தருகிற பயிற்சியும் வேண்டும். அந்த நாற்காலிப் பயிற்சியும், சுவரில் கை ஊன்றிச் செய்கிற தண்டாலும் தொடக்கத்துக்குப் போதும்.

காதில் இயர்போன் வேண்டாம். பாட்டு கேட்பதில் எனக்கு விரோதம் இல்லை, ஆனால் நம் ஊர் திருச்சி–நாமக்கல் சாலையில் இருக்கிறது. விடியற்காலையில் லாரி வருகிற வேகம் உனக்கே தெரியும். வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக, அதாவது சாலையின் வலது ஓரமாக நட. வெளிர் நிறத் துணி போடு. இருட்டு பிரியாத நேரத்தில் தனியாகக் காவிரிப் பாலத்துக்குப் போகாதே, ஒரு துணை சேர்த்துக்கொள். அந்தத் துணையோடு போகும்போது பத்து நிமிடமும் வரும்போது பத்து நிமிடமும் பேசாமல் நடப்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இருவருக்கும் நல்லது. நாத்தனார் கதை நடுவில் உள்ள பத்து நிமிடத்துக்கு.

"தினமும் ஒரே ரோடு, சலிப்பா இருக்குக்கா" என்கிறாயா? நம் ஊர்ப் பெயரைச் சங்கீத உலகம் முழுக்கக் கொண்டுபோன முசிறி சுப்பிரமணிய அய்யர் 1899-இல் பிறந்தது பக்கத்தில் பொம்மலபாளையத்தில். நிரவலுக்குப் பெயர் போனவர். கீர்த்தனையின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பாடிக்கொண்டே போவார். நடையும் அப்படி ஒரே வரிதான். கவனம் இருந்தால் ரோடு தினமும் மாறும். கோடையில் மணலாகக் கிடக்கிற அகண்ட காவிரி, மேட்டூர் திறந்த பிறகு ஒரு நாள் கரைக்குக் கரை தண்ணீராக நிற்கும். ஆடியில் காற்று தள்ளும், ஐப்பசியில் சேறு மணக்கும், தையில் கரும்புக்கட்டு ஏற்றிய வண்டிகள் வரும். ஒரே ரோட்டில் இந்த மாற்றங்களைப் பார்த்துப் பழகியவளுக்கு "புதுசா ஏதாவது ஒர்க்-அவுட்" தேடி வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டிய தேவை வராது.

திருச்சியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தகவல். "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டமாக நடப்பதும் மருத்துவ முகாமும் அந்தத் திட்டத்தில் உண்டு. தனியாகத் தொடங்கத் தயங்குகிறவளுக்கு அந்த ஞாயிறு நல்ல நாள்.

வீட்டில் கேட்டு வாங்க வேண்டியது

லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-இல் வந்த கணக்குப்படி, இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. ஆண்களில் 42 சதவீதம். "நாள் பூரா வேலை செய்யுறாங்களே, எப்படி?" என்று கேட்பார்கள். வீட்டு வேலையும் உடலசைவுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நின்ற இடத்தில் தோசை வார்ப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் இடுப்பை வலிக்க வைக்குமே தவிர மூச்சை ஏற்றாது. மூச்சு ஏறுகிற வேகத்தில் உனக்கென்று நடப்பதுதான் இதயத்துக்குக் கணக்கு. கோலம் போடுவதை நான் தனியாக வைப்பேன். குனிந்து, புள்ளி எண்ணி, இழை விடாமல் இழுக்கிற அந்த நேரத்தில் மனசு வேறெங்கும் போகாது. உட்கார்ந்து மூச்சு எண்ணுவது பிடிக்காதவர்களுக்கு அதுவே ஐந்து நிமிடக் கவனமாக இருக்கட்டும். மார்கழி முழுக்க விடியலில் எழுந்து பழகியிருக்கிறோமே, தை பிறந்ததும் அந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்? புதுசாகத் தொடங்க நினைப்பவளுக்கு மார்கழி முதல் தேதியைத்தான் சொல்வேன்.

காலை நேரத்தைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும், தானாக யாரும் தர மாட்டார்கள். பஸ் பிடித்து 40 கிலோமீட்டர் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவளுக்கு ஆறரைக்குள் டப்பா கட்டியாக வேண்டும். அப்படியானால் பாலை யார் வாங்குவது, மோட்டாரை யார் போடுவது, பையனை யார் எழுப்புவது என்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே பேசி முடிவுசெய். காலையில் பேசினால் சண்டையாகும். மாமியாரிடம் "அத்தை, அஞ்சரையிலிருந்து ஆறே கால் வரைக்கும் நான் இல்லை, அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் இருக்கேன்" என்று முகம் பார்த்து ஒரு தடவை சொல்லிவிடு. அவருக்கும் முழங்கால் வலி இருக்கும், முதல் ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கூப்பிடு. வந்து உட்கார்ந்துவிட்டால் உன் நேரத்துக்குக் காவல் அவரே.

காய்கறி ராத்திரியே நறுக்கி வை, நடக்கிற துணியை எடுத்து வை, பத்து மணிக்குப் படு. பதினொன்றரை வரை சீரியல் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் அது தியானமாக இருக்காது, தூக்கத்தின் மிச்சமாகத்தான் இருக்கும்.

சர்க்கரை, நெஞ்சு, மனசு

2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய். நீயும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவள் என்றால் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கும் முன் மருத்துவரிடம் கேள். நடையில் கை நடுங்கி, வேர்த்து, படபடத்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். இடுப்பில் ஒரு சின்னப் பையில் நாலு சர்க்கரைக் கட்டியோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். கால் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று ஷூ மாட்டும்போது பார்த்துக்கொள். நெஞ்சில் பாரம், இடது கை இழுப்பு, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போ. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் வெறும் களைப்பாக, குமட்டலாக, தாடை வலியாக வரும். "வாயு" என்று இஞ்சிச்சாறு குடித்துவிட்டுக் காத்திருக்காதே. காலையில் தினம் உடம்பைப் பார்த்துப் பழகியவளுக்கு வித்தியாசம் சீக்கிரம் தெரியும், தெரிந்ததை மதித்து நடக்கவும் வேண்டும்.

உட்கார்ந்தாலே அழுகை வருகிறது, பழைய பயங்கள் எழும்பி வருகின்றன, மனசு இன்னும் மோசமாகிறது என்றால் கண்ணை மூடி உட்காருவதை விட்டுவிடு. கண் திறந்து, பாதத்தைக் கவனித்து நடப்பதிலிருந்தே தொடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய்க் கிடந்தால் அது சோம்பல் இல்லை, வைத்தியம் வேண்டிய நோயாக இருக்கலாம். நம் பக்கத்துக் குணசீலத்தில் மனம் கலங்கியவர்களைப் பெருமாள் சன்னதிக்கு அழைத்து வந்து 48 நாள் தங்க வைப்பது பழைய வழக்கம். இன்றைக்கு அங்கேயே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவள் டாக்டரிடமும் போகலாம், இரண்டுக்கும் நடுவே சண்டை இல்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

விட்டுப்போன பிறகு

கல்யாணம், காதுகுத்து, அம்மா வீட்டுப் பயணம், பரீட்சை மாதம் என்று ஒரு வாரம் பத்து நாள் விட்டுப்போகத்தான் செய்யும். திரும்பும் நாளில் நேராக முழு நடைக்குப் போகாதே. முதல் நாள் வெறுமனே உட்கார், நடக்காதே. இரண்டாம் நாள் உட்கார்ந்து, தெருமுனை வரை. மூன்றாம் நாள் அரை நடை. ஊருக்குப் போன இடத்திலும் ஐந்து நிமிடம் உட்காருவதை மட்டும் விடாமல் இருந்தால் திரும்புவது இன்னும் சுலபம். அதற்கு ஷூ வேண்டாம், ரோடு வேண்டாம், அத்தை வீட்டு மாடிப்படி போதும்.

இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகு உடம்புக்கு ஒரு பெரிய வேலை கொடு. காலையில் கடம்பர், மத்தியானம் சொக்கர், அந்தியில் ஈங்கோய்நாதர் என்று நம் பக்கம் ஒரே நாளில் மூன்று கோயில் பார்க்கிற வழக்கம் இருக்கிறதே, அதைக் கார்த்திகை சோமவாரம் ஒன்றில் வைத்துக்கொள். பாலத்தைத் தாண்டினால் குளித்தலைக் கடம்பவனநாதர், அது சமதளம். அங்கிருந்து சொக்கர் இருக்கிற அய்யர்மலை, 1017 படி. 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது, முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அதில் போகட்டும். சாயங்காலம் இக்கரை திரும்பி ஈங்கோய்மலை, 500 படி போல. அய்யர்மலையில் நூறு படிக்கு ஒரு தடவை நின்று, காலையில் பாயில் எண்ணியது போல வெளிமூச்சைப் பத்து எண்ணு, படபடப்பு அடங்கிய பிறகு அடுத்த நூறு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும், அதனால் இறங்கும்போது பக்கவாட்டில் பாதம் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, பேச்சை நிறுத்திவிட்டு இறங்கு. தண்ணீர் ஒரு லிட்டர், கடலை மிட்டாய் நாலு, மாற்றுத் துண்டு ஒன்று. மறுநாள் செவ்வாய்க்கிழமை தொடை வலிக்கும், அன்றைக்குத் தெருமுனை வரை மட்டும் போய் வா.